வட கரேலியா மாகாணத்துக் குடியானவர்கள் இருதயத்தையும் மூளையையும் காத்துக்கொண்ட விதம்

உடலுழைப்பு மிகுந்தவனை இருதய நோய் அணுகாது என்னும் எண்ணம் கிராமங்களில் வெகுகாலமாக வேரூன்றி நிற்கிறது. கல்லாவை விட்டு எழாத வியாபாரிக்கும் நாற்காலியில் அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவனுக்குமே அவ்வியாதி உரியதென்றும், மண் வெட்டி, வரப்புக் கட்டி உழைப்பவன் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்றும் குடியானவர்கள் பேசிக்கொள்வது வழக்கம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதற்குப் பின்லாந்து தேசத்தின் வட கரேலியா மாகாணம் தக்க சான்றாகும். அப்பிழையை உணர்ந்த பின்னர் அம்மாகாணத்துக் குடியானவர்களும், கிராமத்துப் பெண்டிரும், அதிகாரிகளும் கூடிச் செய்த காரியம் நிலமுடையோர் யாவரும் அறியத்தக்கது. அதனுள் ஒரு சங்கடமும் அடங்கியிருந்தது. நோய்க்கு முக்கிய காரணமாயிருந்த பண்டம், அக்குடியானவர்களின் ஜீவனத்துக்கே ஆதாரமாயிருந்த வெண்ணெயாகும்.

வட கரேலியா, பின்லாந்தின் கீழ்க்கோடியில் ருஷ்ய எல்லையை அடுத்துள்ளது. ஏரிகளும் காடுகளும் நிறைந்த பூமி. ஆண்டில் பல மாதம் பனி மூடிக் கிடப்பதால் புல், ஓட்ஸ், பார்லி, ரை, உருளைக்கிழங்கு முதலிய சிலவே அங்கு நன்றாக விளையும். 1972இல் அம்மாகாணத்தின் ஜனத்தொகை சுமார் 1,80,000. யுத்தத்தில் கரேலியாவின் ஒரு பகுதி சோவியத் ருஷ்யாவின் வசமாகிவிடவே, அங்கிருந்து பெயர்ந்து வந்தவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் 1945ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி தேசமெங்கும் நிலம் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பலர் காட்டை வெட்டித் திருத்திச் சிறு சிறு பண்ணைகளை அமைத்தனர். பத்துப் பதினைந்து பசுக்கள்கூட இல்லாத பண்ணைகளே மிகுதி. கோடையில் புல் அறுப்பதும் பால் கறப்பதும், மாரியில் காட்டில் மரம் வெட்டுவதும் அவர்தம் தொழில்.

யுத்த காலத்தில் பட்டினி கண்ட அவர்களுக்கு, அதன் பின்னர் வந்த சுபிட்சம் வெண்ணெய் உருவில் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. ரொட்டியின் மேல் வெண்ணெய், சமையலுக்கும் வெண்ணெய், குடிக்க ஏடு நீக்காத பால், குழம்பில் கொழுத்த பன்றியிறைச்சி, உப்பிலிட்ட மீன் என்று தினசரி ஆகாரம் அமைந்தது. பச்சைக் காய்கறி மாட்டுக்கும் முயலுக்கும் உரிய தீனி என்று ஆடவர் இகழ்ந்தனர். காப்பியையும் வடிகட்டாது கொதிக்க வைத்தே குடித்தனர். அவ்வாறு காய்ச்சிய காப்பியும் இரத்தக் கொழுப்பைச் சிறிது உயர்த்துவதாகும். ஆடவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் புகை பிடித்தனர்.

அமெரிக்க நிபுணர் ஆன்செல் கீஸ் என்பவர் 1958இல் தொடங்கி ஏழு தேசங்களில் நடத்திய ஆராய்ச்சியில், கிழக்குப் பின்லாந்தின் ஆடவரிடையே இருதய நோய் மற்றெவ்விடத்தையும்விட அதிகமாயிருப்பது புலப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மரம் வெட்டுவோரும் சிறு குடியானவரும் ஆவர். காலை முதல் மாலை வரை கோடரி ஓச்சியவர்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் மார்பைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்தனர். கைம்பெண்களும், தந்தையை இழந்து பண்ணையை ஏற்ற இளம் பிள்ளைகளும் ஊர்தோறும் இருந்தனர். உழைப்பு உடலுக்கு நன்மையே. ஆயினும் ஆகாரமும் உப்பும் புகையும் செய்யும் கேட்டை அது தனித்து நின்று மாற்றவல்லதன்று.

நோயின் கூறு

பாய்ச்சல் வேலை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. இருதயத்தினின்று புறப்படும் இரத்தக் குழாய்கள் தலை வாய்க்காலும் கிளை வாய்க்காலும் போலப் பிரிந்து தேகமெங்கும் செல்லுகின்றன. நெய், வெண்ணெய், கொழுத்த இறைச்சி முதலியவற்றிலுள்ள உறைகொழுப்பை அதிகம் உண்பதால் இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் பொருள் மிகுகிறது. அது வாய்க்காலின் அடியில் வண்டல் படிவது போல் வெறுமனே படிந்து அடைப்பதன்று. கரைக்குள் நீர் ஊறி மண் பொதும்புவது போலக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து வீங்குகிறது. என்றோ ஒரு நாள் அவ்வீக்கம் வெடித்து, வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளுகிறது. இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாயில் இது நேரின் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயில் நேரின் பக்கவாதம். இரத்த அழுத்தமோ வாய்க்காலில் அளவுக்கு மீறித் திறந்துவிட்ட நீர் போன்றது. அது பல ஆண்டுகள் கரையை அரித்துக்கொண்டேயிருக்கும். மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய குழாய்கள் கடைமடைக் கால்கள் போன்றவை. அழுத்தத்தின் கேடு அங்கு அதிகம் தோன்றும். அவை ஒவ்வொன்றாகப் பழுதுறும்போது நோயாளிக்கு வலியேதும் தெரிவதில்லை. நினைவும் நடையும் சிறிது சிறிதாகத் தளரும். வீட்டார் அதனை வயதின் இயல்பென்று விட்டுவிடுவர்.

1972இல் வட கரேலியாவில் எடுத்த அளவைகளின்படி, நடுவயது ஆடவரின் இரத்தத்தில் கொலஸ்டிரால் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 260 மில்லிகிராமுக்கு மேலிருந்தது. 200க்குள் இருத்தல் நலமென்பது வைத்தியர் கொள்கை. இரத்த அழுத்தத்தின் சராசரியே 149க்கு 92 என்ற அளவிலிருந்தது. 140க்கு 90 என்பதே நோயின் எல்லையாகக் கொள்ளப்படுவதால், ஊரின் சராசரி மனிதனே நோயாளியாக இருந்தான் என்பது பெறப்படும். அவர்களில் மிகப் பலர் தமக்கு அழுத்தம் இருப்பதையே அறியாதவர்.

மாகாணத்தார் செய்த விண்ணப்பம்

இவ்வாராய்ச்சிச் செய்தி பரவியபோது மாகாணத்தார் அதனை மறைக்கவோ மறுக்கவோ முற்படவில்லை. 1971ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மாகாண கவர்னர் எசா டிமோனனும், அம்மாகாணத்தின் பார்லிமெண்டு அங்கத்தினர்களும், பல சங்கங்களின் தலைவர்களும் கையொப்பமிட்டு, இந்நோயைக் குறைக்க உதவி வேண்டுமென்று தேச சர்க்காருக்கு விண்ணப்பம் செய்தனர். மேலிருந்து வந்த உத்தரவன்று. கீழிருந்து எழுந்த கோரிக்கை. இக்காரியம் பின்னர் நிலைபெற்றதற்கு இதுவே பெருங்காரணம் என்று கொள்ளுதல் தகும். அடுத்த ஆண்டே வேலை தொடங்கிற்று. தலைமை ஏற்ற டாக்டர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது வயது 27. பலனை ஒப்பிட்டுப் பார்க்கும்பொருட்டு அண்டை மாகாணமாகிய குவோபியோவிலும் அளவைகள் எடுக்கப்பட்டன.

பணம் மிகுதியில்லை, பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டும் எண்ணமுமில்லை. உள்ள சுகாதார ஊழியர்களைக் கொண்டே இரத்த அழுத்தப் பதிவேடு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தாதியர் அழுத்தத்தை அளந்து, உயர்ந்திருந்தவர்களின் பெயரைப் பதிந்து, மருந்து உண்கின்றனரா என்று விடாது விசாரித்தனர். ஊர்தோறும் பிறர் மதிக்கும் ஆடவரும் பெண்டிருமாக நூற்றுக்கணக்கானோரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி அளித்தனர். கடைக்காரரிடம் கொழுப்புக் குறைந்த பால் வைக்கச் சொல்வதும், அயலானைப் புகை விடச் செய்வதும் இவர்கள் வேலை.

வெறும் உபதேசத்தால் எவரும் நாக்கை அடக்கிவிடுவதில்லை என்பதை டாக்டர் புஸ்காவும் அவர் தோழர்களும் விரைவில் கண்டுகொண்டனர். ஆதலின் மார்த்தா சங்கம் என்னும் குடும்பப் பெண்களின் சங்கத்தை நாடினர். அச்சங்கத்தார் கிராமந்தோறும் ‘நீடித்த ஆயுள் விருந்து’ என்ற பெயரில் பிற்பகல் கூட்டங்களை நடத்தினர். சிறிது நேரம் நோயைப் பற்றிய பேச்சு. பின்னர் எல்லோரும் கூடிச் சமையல். அதன் பின்னர் உண்ணுதல். கரேலியாவின் பழைய இறைச்சிக் குழம்பையே எடுத்துக்கொண்டு, கொழுப்பையும் உப்பையும் குறைத்து, கிழங்கும் காரட்டும் சேர்த்துச் செய்து காட்டினர். பழக்கமான உணவை நீக்கிப் புதியதொன்றைப் புகுத்தாமல், பழைய உணவையே திருத்தியது அவர்களுடைய சாமர்த்தியம். உள்ளூரில் பன்றிக் கொத்துக்கறி செய்யும் தொழிற்சாலை ஒன்றும், அதில் சேரும் கொழுப்பில் ஒரு பங்கை நீக்கிக் காட்டில் விளையும் காளானைச் சேர்த்தது. பிற்காலத்தில் கிராமங்களுக்குள் போட்டியும் வைத்தனர். இரண்டு மாதத்தில் ஊராரின் சராசரிக் கொலஸ்டிரால் எவ்வூரில் அதிகம் குறைகிறதோ அவ்வூருக்குப் பரிசு. வென்ற ஊரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

வெண்ணெய் வழக்கு

ஆயினும் பால் பண்ணைக்காரர் சும்மா இருந்துவிடவில்லை. பாலில் உள்ள கொழுப்பின் அளவை ஒட்டியே விலை கிடைத்துவந்த காலம் அது. வெண்ணெய் தீது என்று ஒருவர் சொன்னால், பசுவை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவனுக்கு எப்படி இருக்கும்? வெண்ணெய் வியாபாரத்தார் எதிர்ப்பிரசாரம் செய்தனர். பத்திரிகைகளில் விளம்பரம் செய்தனர். குடியானவர் சங்கங்களிலும் கசப்பு மிகுந்தது. அவர்கள் கோபத்தைத் தவறென்று தள்ளிவிட இயலாது. ஒருவன் விளைவிக்கும் பண்டத்தை வேண்டாமென்பவர், அவன் அதற்குப் பதிலாக எதை விளைவித்துப் பிழைப்பது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். தேசமெங்கும் விவசாய இலாகாக்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

விடை பல வழிகளில் வந்தது. ஒன்றும் உடனே வரவில்லை. பாலையே கைவிட வேண்டுவதில்லை, கொழுப்பைக் குறைத்தால் போதும் என்பது முதலில் தெளிவாக்கப்பட்டது. காலக்கிரமத்தில் பால் விலை நிர்ணயத்தில் கொழுப்புக்குரிய முக்கியத்துவம் குறைந்து, புரதத்துக்குரிய முக்கியத்துவம் உயர்ந்தது. அடுத்து, பின்லாந்தின் குளிருக்கு ஏற்ற எண்ணெய் வித்து ஒன்று பெருக்கப்பட்டது. இது நம் கடுகின் இனத்தைச் சேர்ந்த ‘ரைப்சி’ என்னும் பயிர். 1972இல் சமையலுக்குத் தாவர எண்ணெய் உபயோகித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே. பிற்காலத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவ்வெண்ணெய்க்கு மாறினர். அவ்வாறு உள்நாட்டு விளைபொருளே வெண்ணெயின் இடத்தில் அமைந்ததால், பணம் அயல்நாடு செல்லாது குடியானவரிடமே தங்கிற்று.

மூன்றாவது வழி பழ சாகுபடி. வட தேசத்துக் கோடையில் பகல் மிக நீண்டது. காட்டிலே தானே விளையும் சிறு கனிகளும், தோட்டத்தில் பயிராகும் ஸ்ட்ராபெரி, கரண்ட் முதலிய கனிகளும் அவ்வொளியில் நன்கு பழுக்கும். 1985 முதல் சில ஆண்டுகள், விவசாய இலாகாவின் உதவியோடு கனி, காய்கறி அபிவிருத்தித் திட்டமொன்று நடைபெற்றது. கனியை உறைய வைத்துப் பனிக்காலத்திலும் விற்கும் வசதி செய்யப்பட்டது. பால் பண்ணையாளர் சிலர் பசுக்களைக் குறைத்துக் கனிப் பயிருக்குத் திரும்பினர். எல்லோரும் திரும்பினர் என்று நினைக்கலாகாது. சிறு பால் பண்ணைகள் வேறு பல காரணங்களாலும் மறைந்தன. அவற்றோடு சில கிராமங்களும் வெறிச்சோடின. அந்நஷ்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் லாபத்தை மட்டும் எழுதுதல் முறையன்று.

சர்க்காரும் தன் பங்கைச் செய்தது. 1976இல் புகையிலைச் சட்டம் பிறந்தது. 1978இல் தேசிய டெலிவிஷனில், புகை பிடிப்பவர் சிலரை அமர்த்தி, அவர்கள் அப்பழக்கத்தை விடும் பாட்டை ஊரார் பார்க்கும்படி வாராவாரம் காட்டினர். 1993 முதல், உப்பு மிகுந்த ஆகாரப் பண்டங்களின் மேல் அவ்வாறே அச்சிட வேண்டுமென்று விதி ஏற்பட்டது. ரொட்டி சுடுவோரும் கொத்துக்கறி செய்வோரும் அம்முத்திரைக்கு அஞ்சி உப்பைக் குறைத்தனர். ஆடவர் உண்ட உப்பு 1970களின் இறுதியில் நாளொன்றுக்குச் சுமார் 13 கிராமாக இருந்து, பின்னர் 10 கிராம் அளவுக்கு இறங்கிற்று.

பலன் யாதெனில், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆடவர் லட்சம் பேரில் ஆண்டுதோறும் 650 பேருக்கு மேல் இருதயக் குழாய் நோயால் மாண்டுவந்த நிலை மாறி, 2006 அளவில் அத்தொகை ஏறக்குறைய 100 ஆகக் குறைந்தது. பக்கவாத மரணமும் குறைந்தது. ஆடவரிடையே நுரையீரல் புற்றும் இறங்கிற்று. குவோபியோவிலும் பின்லாந்து முழுவதிலும்கூட இருதய மரணம் குறைந்ததால், இத்திட்டத்துக்கு எவ்வளவு பங்கு, பொதுவான மாறுதலுக்கு எவ்வளவு பங்கு என்று நிபுணர் வாதிடுவதுண்டு. முதல் ஐந்தாண்டுக்குப் பின் திட்டத்தின் முறைகள் தேசமெங்கும் பரவிவிட்டன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. குறைவின் பெரும்பகுதி கொலஸ்டிரால், அழுத்தம், புகை ஆகிய மூன்றின் இறக்கத்தால் நேர்ந்ததென்பதில் ஐயமில்லை. ஆனால் 2007க்கும் 2012க்கும் இடையில், வெண்ணெய் மீண்டும் நாகரிகமாகவே, கொலஸ்டிராலும் சிறிது ஏறிற்று.

மூளைக்குக் கிட்டிய பாதுகாப்பு

இத்திட்டத்தால் எதிர்பாராத மற்றொரு பயனும் விளைந்தது. 1972, 1977, 1982, 1987 ஆகிய ஆண்டுகளில் நடுவயதில் அளக்கப்பட்டவர்களுள், 65 முதல் 79 வயதான 1,449 பேரை 1998இல் மீண்டும் அழைத்து, அவர்தம் நினைவாற்றலைச் சோதித்தனர். பழைய பதிவேடு இருந்ததனால், இருபது ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொருவருடைய இரத்தம் எந்நிலையிலிருந்தது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. நடுவயதில் மேலழுத்தம் 160க்குக் குறையாதிருந்தவர்களுக்கும், கொலஸ்டிரால் 250க்கு மேலிருந்தவர்களுக்கும், முதுமையில் அல்ஷைமர் என்னும் மறதி நோய் ஏற்படும் அபாயம் இருமடங்குக்கு மேலிருந்தது. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் மூன்று மடங்குக்கும் மேல். டாக்டர் மீயா கிவிபெல்டோ முதலியோர் இதனை 2001இல் வெளியிட்டனர். அறுபதில் தோன்றும் மறதிக்கு நாற்பதிலேயே வித்து விழுகிறது என்பது இதனால் தெரியவந்தது.

அவரே முன்னின்று நடத்திய மற்றொரு சோதனையின் முடிவு 2015இல் வெளிவந்தது. 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குத் தக்க ஆகாரம், தேகப் பயிற்சி, மனப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் மேற்பார்வை ஆகிய நான்கையும் இரண்டு ஆண்டுகள் சேர்த்தளித்தனர். மற்றவர்களுக்குப் பொதுவான யோசனை மட்டும். முதற்கூறினரின் அறிவாற்றல் மற்றவருடையதைவிடக் கூடுதலாக முன்னேறிற்று. ஆகவே அறுபதுக்கு மேலும் காலம் கடந்துவிடவில்லை. 2024இல் லான்செட் வைத்தியப் பத்திரிகையின் குழு, மறதி நோயில் ஏறக்குறையப் பாதி, மாற்றத்தக்க 14 காரணங்களைச் சார்ந்ததென்று கணித்தது. அவற்றுள் காது மந்தமும் கண் மங்கலும் சேர்ந்திருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பம்ப் எஞ்சினும் டிராக்டரும் இரையும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த பெரியவருக்குக் காது மந்தமானால், அவரைப் பேச்சினின்று ஒதுக்கி வைக்காமல் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தல் மூளைக்கும் நன்மையாம். பட்டாவும் பத்திரமும், குத்தகைக் கணக்கும், கொடுக்கல் வாங்கலும் ஒரு பெரியவர் மனத்திலேயே இருக்கும் குடும்பங்களில் அம்மனம் தளருமாயின் நேரும் வழக்குகளைக் கிராம அதிகாரிகள் நன்கறிவர்.

இந்நாட்டு நிலைமை

தமிழ்நாட்டுக் குடியானவனின் தட்டில் வெண்ணெய் அதிகமில்லை. இங்கு முதற்கண் நோக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல், மோர் மிளகாய் ஆகியவற்றோடு, சாதத்தில் தனியே இட்டுக்கொள்ளும் உப்பும் சேர்ந்தால், உலக சுகாதார ஸ்தாபனம் விதித்த 5 கிராம் அளவு எளிதில் மீறப்படும். வயலில் வியர்வை சிந்துவதால் உப்பு நிறைய வேண்டுமென்பது பலர் கருத்து. இரத்த அழுத்தம் உள்ளவர் இதனைத் தம் வைத்தியரிடம் கேட்காது கைக்கொள்ளுதல் கூடாது. பொட்டாசியம் கலந்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. அஃது அழுத்தத்தைக் குறைக்கும். ஆயினும் சிறுநீரக வியாதியுள்ளவருக்கு அபாயகரமானது. எண்ணெயில், நிலக்கடலை, எள் முதலியவற்றின் எண்ணெய் நலம். நெய், தேங்காயெண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் உறைகொழுப்பு அதிகம். வனஸ்பதி முதலியவற்றிலுள்ள கெட்ட கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாதென்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதியுள்ளது. பீடி, சுருட்டு, புகையிலை பற்றிக் கூற வேண்டுவதில்லை.

வட கரேலியாவின் தாதியர் செய்த வேலையை ஒத்த ஏற்பாடு இங்கும் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டப்படி ஊழியர் வீடு தேடி வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை கொடுக்கலாயினர். மாத்திரையால் அழுத்தம் இறங்கியவுடன் நோய் தீர்ந்தது என்று நிறுத்திவிடுவதே பெருங்கேடு. மதகை அடைத்திருக்கும் வரையிலேயே வாய்க்கால் நீர் தணிந்திருக்கும்; பலகையை எடுத்தால் மறுபடியும் ஏறும். நெல் அறுவடைக் காலத்திலும் கரும்பு வெட்டுக் காலத்திலும் மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்பவர், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுதல் நன்று.

மார்பில் பாரமோ, இடது கையிலும் தாடையிலும் பரவும் வலியோ, காரணமின்றிக் குளிர்ந்த வியர்வையோ தோன்றினால் வாயுவென்று நினைத்து ஓமநீர் குடித்துப் படுத்துவிடலாகாது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதம் என்று கொண்டு, உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினாலன்றிப் பயனில்லை. அதற்கு முன் மூளையைப் படமெடுத்துப் பார்த்தாகவேண்டும். ஆதலின் கிராம அதிகாரிகள், அவ்வசதியுள்ள ஆஸ்பத்திரி தம் ஊருக்கு அருகில் எது, அங்கு செல்ல எவ்வளவு நேரமாகும் என்பவற்றை முன்னரே விசாரித்துச் சாவடியில் எழுதி ஒட்டிவைப்பது உசிதம். நோயாளியை அனுப்பும்போது, அவர் கடைசியாக நலமாயிருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு சீட்டில் குறித்துக் கூடப் போகிறவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.